தட்டிப் பார்த்து வாங்கிய படகு

அமெரிக்காவின் வட கோடியில், கனடாவை ஒட்டினாற்போல் மினசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்று அங்கே மோட்டார்களின் நம்பர்ப் பலகையில்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். நிஜக் கணக்கு அதைவிடக் கூட. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842. ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு பத்தாயிரம் என்று சொல்லுகிறவர்களைத்தான் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். குறைத்துச் சொல்லுகிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன்!

இத்தனை தண்ணீர் இருந்தால் படகு இல்லாமல் இருக்குமா? நம் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற மாதிரி அங்கே பல வீடுகளின் வாசலில், இழுத்துச் செல்லும் வண்டியின்மேல் ஒரு படகு உட்கார்ந்திருக்கிறது. ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று பெண் வீட்டுக்குப் போன எனக்கு, போன இரண்டாவது வாரமே படகு வாங்கும் படலம் ஆரம்பமாகிவிட்டது.

படகு விளையாட்டுக்காக அல்ல. என் சம்பந்தியம்மாளுக்காக. திருவையாற்றில் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். இரண்டு வருஷங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. பேச்சும் குறைந்துபோயிற்று. பிள்ளையோடு வந்து தங்கி, ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார். போன கோடையில் பக்கத்து வீட்டுக்காரர் தம் படகில் எல்லோரையும் ஏரியைச் சுற்றி அழைத்துப் போனாராம். நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றிவிட்டார்கள். அன்று ராத்திரி சம்பந்தியம்மாள் தாமாகவே இரண்டாவது தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று என் பெண் டெலிபோனில் சொன்னபோது அவள் குரல் கம்மிற்று. பக்கத்து வீட்டுக்காரர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஆகவே சொந்தத்தில் ஒன்று வேண்டும். புதிது வாங்க வசதி இல்லை. எட்டாயிரம் டாலருக்குள் பழைய படகு ஒன்று பார்ப்பது என்று முடிவாயிற்று.

அந்தப் படகுக்குப் பாண்டூன் படகு என்று பெயர். இரு பக்கமும் மூடிய, நீளமான இரண்டு உருளைக் குழாய்கள். அவற்றின்மேல் சமதளமாக ஒரு மேடை. சுற்றிலும் இடுப்பளவு வேலி, உள்ளே சோபாக்கள், மேலே துணிக் கூரை. மொத்தத்தில், தண்ணீரில் மிதக்கும் திண்ணை! 1952-ல் இதே மினசோட்டாவில் ரிச்மண்ட் என்ற சிற்றூருக்கு அருகில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத் தளம் போட்டு ஏரியில் விட்டார். அகலமான மேடை எளிதில் கவிழாது என்பது அவருடைய எண்ணம். அது பலித்தது. இன்று அமெரிக்கா எங்கும் இந்த ஜாதிப் படகுகள் மிதக்கின்றன.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். எதற்கும் ஓர் அட்டவணை போட்டுவிடுவார். எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி, சோபா கிழிந்திருக்கிறதா, பாட்டுப் பெட்டி உண்டா என்று இருபது கட்டங்கள் போட்டிருந்தார். அட்டவணையை என்னிடம் காட்டினார்.

"மாப்பிள்ளை, எல்லாம் இருக்கிறது. அடியில் இருக்கிற குழாய் என்ன உலோகம் என்று ஒரு கட்டம் போடவில்லையே?" என்று கேட்டேன்.

"இருபத்தோராவது கட்டம் போட்டுவிடலாம், அத்தை" என்று சிரித்தார்.

"இருபத்தொன்று வேண்டாம். அதையே ஒன்றாவதாகப் போடுங்கள்."

நான் இப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் தகப்பனாருக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். படகைப் பற்றி எனக்குத் தெரியாது. உலோகம் எப்படிக் கெடும் என்பது கொஞ்சம் தெரியும். தெரியாத மிச்சத்தை, படகு ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் மாப்பிள்ளை மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பார்த்தது ஒரு பழைய இரும்புக் குழாய்ப் படகு. விலை மலிவு, இரண்டாயிரம் டாலருக்கும் குறைவு. மேலே பளபளவென்று நீலப் பெயிண்ட். என் பெண்ணுக்கு அதன் நிறம் பிடித்துவிட்டது. ரிப்பேர்க்காரப் பெரியவர் சொன்னதோ வேறு. இரும்புக் குழாய் வெளியிலிருந்து மட்டும் துருப்பிடிப்பதில்லை. உள்ளே அடைபட்ட காற்றிலிருக்கும் ஈரம், குளிரில் வேர்த்து முத்து முத்தாக உள்சுவரில் படிகிறது. அங்கே பெயிண்ட் அடிக்கக் கை நுழையாது. வெளியே புது மணப்பெண் மாதிரி இருக்கும் குழாய், உள்ளே அப்பளமாக மெலிந்திருக்கலாம். ஓர் இடத்தில் ஓட்டையை அடைத்தால், அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். ஆரம்ப காலத்துப் படகுகள் இரும்பில் வந்தன. பிறகு உற்பத்தியாளர்கள் அலுமினியத்துக்கு மாறியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நீலப் படகை விட்டு வந்தோம்.

இரண்டாவது, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த ஃபைபர் கிளாஸ் அடிப்பாகம் கொண்ட படகு. வழவழவென்று அழகாக இருந்தது. இது துருப்பிடிக்காது, உப்புத் தண்ணீருக்கும் அஞ்சாது. ஆனால் இதற்கும் வயதாகும். மேல்பூச்சின் வழியாகத் தண்ணீர் மெள்ள மெள்ள உள்ளே கசிந்து, அம்மைக் கொப்புளம் போலச் சிறு சிறு வீக்கங்களை உண்டாக்கும். உள்ளே பலத்துக்காக மரச் சட்டம் வைத்திருந்தால், அது வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். ஒரு காசை எடுத்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் கெட்டியான இடத்தில் 'டக் டக்' என்று கேட்கும்; அடுக்குப் பிரிந்த இடத்தில் 'பொத்' என்று கேட்கும். அந்தப் படகில் பின்பக்கம் முழுவதும் 'பொத்'தாக இருந்தது.

பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த மிதவைகளும் உண்டு. நம் மாடியில் வைக்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் ஜாதி. அரிப்பு என்ற பேச்சே கிடையாது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய சௌகரியம். வெயிலில் வெளிறி நொறுங்காமல் இருக்க மருந்து சேர்த்து வார்த்திருக்கிறார்களா, பாரத்தில் வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். விரிசல் விட்டால் ரிப்பேர் செய்வது சுலபமல்ல. எங்களுக்குத் தோதான நீளத்தில் அந்த வகைப் பழைய படகு கிடைக்கவில்லை.

மிஞ்சியது அலுமினியம். ஏரித் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் இல்லை என்றே சொல்லலாம். இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். காற்றுப் பட்டவுடன், பாலின்மேல் ஏடு படிகிற மாதிரி, தன் மேலேயே மெல்லிய ஆடை ஒன்றைக் கட்டிக்கொள்ளும். கீறினாலும் ஆடை மறுபடி படிந்துவிடும். அந்த ஆடைதான் அதற்குக் கவசம். ஆகவே குழாய் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் இருக்கிறதே என்று யாரும் விலையைக் குறைத்துக் கேட்கலாம், மனத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். மங்கல் நோயல்ல. வெள்ளை வெள்ளையாய் மாவு பூத்து, அதைச் சுரண்டினால் ஊசி குத்தினாற்போல் குழிகள் தெரிந்தால், அதுதான் நோய்.

அலுமினியத்துக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு: செம்பின் சகவாசம். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றால் டார்ச் விளக்குக்குள் இருக்கும் பாட்டரி மாதிரி ஆகிவிடும். சின்ன மின்சாரம் ஓடும். அலுமினியம் கரைந்துகொண்டே போகும். கடல் நீரில் இது வேகமாக நடக்கும். நல்ல தண்ணீரில் நிதானமாக நடக்கும். படகின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்கச் சிலர் செம்பு கலந்த பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். உளுக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பலகையை நேராக அலுமினியத்தின்மேல் பதித்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஆகாது. கடலில் விடும் படகுகளில் துத்தநாகக் கட்டியையும், நல்ல தண்ணீர்ப் படகுகளில் மக்னீசியக் கட்டியையும் பொருத்துவார்கள். அந்தக் கட்டி தான் கரைந்து குழாயைக் காப்பாற்றும். பழைய படகு வாங்கும்போது, இது எந்தத் தண்ணீரில் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

தகட்டின் கனமும் ஒரு விஷயம். சாதாரணமாகக் குழாயின் தகடு 2 மில்லி மீட்டரிலிருந்து 3 மில்லி மீட்டருக்குச் சற்று மேல் வரை இருக்கும். பாறையும் மணலும் உள்ள கரையில் அடிக்கடி ஏற்றி நிறுத்துகிறவர்கள் கனமானதைப் பார்க்க வேண்டும். குழாயின் குறுக்களவு கூடக் கூட அது தாங்கும் பாரமும் ஏறும். மாப்பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டினார்: 23 அங்குலக் குறுக்களவும் 20 அடி நீளமும் உள்ள குழாய் ஒன்று முழுதும் அமிழ்ந்தால் சுமார் 1,630 கிலோவைத் தாங்குமாம். அதையே 25 அங்குலமாக வைத்தால் 1,900 கிலோவுக்கு மேல். இரண்டே அங்குலத்தில் அத்தனை வித்தியாசம்!

மூன்றாவதாகப் பார்த்த படகு எல்லோர் மனத்தையும் கொள்ளை கொண்டுவிட்டது. அலுமினியக் குழாய்கள். சந்தன நிறத்தில் புதுத் தையல் போட்ட சோபாக்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வாசல் 32 அங்குல அகலம். சம்பந்தியம்மாளின் நாற்காலி 25 அங்குலம். உருட்டினால் நேரே உள்ளே போய்விடும். விலை ஏழாயிரத்து ஐந்நூறு. என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் அம்மா! அத்தைக்காகவே செய்து வைத்த மாதிரி இருக்கிறது" என்றாள்.

குழாய்களுக்கு மட்டும் வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தது. அலுமினியத்துக்கு எதற்கு வெள்ளிப் பெயிண்ட் என்று எனக்குத் தோன்றிற்று. படகு வண்டிமேல் நின்றதால் குழாய்கள் கைக்கு எட்டின. விரலை மடக்கி முன்னாலிருந்து தட்டிக்கொண்டே போனேன். குடம் வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி. முன்பக்கம் கணீரென்று இருந்தது. நடுப்பக்கமும் அப்படியே. வலது குழாயின் கடைசிப் பகுதியில், கீழே தட்டியபோது சத்தம் அடங்கிப்போயிற்று. மேலே தட்டினால் கணீர். கீழே தட்டினால் நிறைகுடம்!

விஷயம் என்னவென்றால், நல்ல பாண்டூன் குழாய்க்குள் குறுக்கே தடுப்புகள் வைத்து, ரயில் பெட்டி மாதிரி அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். அதனாலேயே ஓட்டை இருப்பது வெகுநாள் தெரியாமலும் போகும். ஒவ்வோர் அறையாகத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதன்மேல் விற்கிறவர் பின்பக்கத்துத் திருகு அடைப்பானைக் கழற்றினார். தண்ணீர் கொட்டிற்று. ஐந்து வாளிக்குக் குறையாது. ஐந்து வாளி என்றால் சுமார் 75 கிலோ. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் எப்போதும் படகின் அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிற கணக்கு. விற்கிறவர் முகம் சுண்டிவிட்டது. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கே தெரிந்திருக்கவில்லை, அவர் அதை வாங்கும்போதே பெயிண்ட் அடித்திருந்ததாம்.

இந்த ஊர்க் குளிரில் கசிவு மற்ற இடங்களைவிடப் பொல்லாதது. ஏரியே பாளம் பாளமாக உறைந்து, மனிதர்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு போலப் பருக்கிறது. குழாய்க்குள் தேங்கிய நீர் உறைந்து, நகர இடமில்லாமல் போனால், பற்றவைத்த தையலையே பிளந்துவிடும். ஆக, கசிவு ஒரு குளிர்காலத்துக்கு ஒரு விரற்கடை வளரும்.

ரிப்பேர்க்காரப் பெரியவர் வந்து சோதித்தார். அடைப்பான் இருந்த இடத்தில் காற்றுக் குழலைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டுக்கு மேல் போகாமல் காற்றை ஏற்றினார். அதிகம் ஏற்றினால் குழாயே உப்பிவிடுமாம். பிறகு சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினார். தையல் நெடுகப் பல இடங்களில் குமிழ் குமிழாகக் கிளம்பிற்று. பெயிண்டைச் சுரண்டியதில், அடியில் ஏற்கெனவே பசை போட்டு அடைத்த தழும்புகள் தெரிந்தன. "ஒரே ஓட்டையாக இருந்தால் பற்றவைத்துத் தருவேன். இது தகடே களைத்துப்போனது" என்றார்.

விற்கிறவர் விலையை ஐயாயிரத்து ஐந்நூறாகக் குறைத்தார். அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நியாய சபை கூடிற்று.

"ஏரி ஒன்றும் கடலில்லையே, அம்மா. கரையோரமாகவே போகிறோம். வாசல் அவ்வளவு சௌகரியமாக இருக்கிறதே! இந்தக் கோடையும் போய்விட்டால், அத்தை அடுத்த கோடை எப்படி இருப்பார்களோ?" என்றாள் என் பெண். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. வயதானவர்களை வைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் ஒரு கோடை என்பது சின்ன விஷயமா?

நான் சொன்னேன்: "நமக்கு ஒன்று நேர்ந்தால் நீந்துவோம், இல்லையா? நாற்காலியில் இருக்கிறவர் என்ன செய்வார்? அவருக்காக வாங்குகிற படகில்தான் அடிக்குழாய் ஒரு சந்தேகமும் இல்லாமல் இருக்க வேண்டும். சோபா கிழிந்தால் தைக்கலாம். எஞ்சின் கெட்டால் வேறு மாட்டலாம். தளப் பலகை உளுத்தால் பெயர்த்துவிட்டு வேறு போடலாம். வாசல் குறுகல் என்றால் அகலப்படுத்தலாம். குழாயை என்ன செய்வாய்?"

மாப்பிள்ளை மௌனமாக அட்டவணையை எடுத்தார். புதிதாக இரண்டு குழாய்கள் செய்து மாட்டுவதற்கு என்ன ஆகும் என்று விசாரித்து வைத்திருந்தார். படகின் விலையைவிட அது அதிகமாக இருந்தது. சந்தன நிறச் சோபாப் படகு அத்துடன் முடிந்தது.

மூன்று வாரம் கழித்து நாலாவது படகு வந்து சேர்ந்தது. வயதான தம்பதி ஒருவர் வைத்திருந்தது. சோபாக்கள் மங்கிய பச்சை. ஒரு மூலையில் அணில் கடித்த பொத்தல் வேறு. குழாய்கள் 25 அங்குலம், பெயிண்ட் கிடையாது, சாம்பல் நிறம். பிறந்ததிலிருந்து ஒரே ஏரியில் இருந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் கரையேற்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். படகின் பின்புறம் வலது பக்கத்தில் பொறித்திருக்கும் பன்னிரண்டு எழுத்து-எண்களையும் மாப்பிள்ளை பார்த்தார். 1984-க்குப் பிறகு வந்த படகுகளில் கடைசி இரண்டு எண்கள் மாடல் வருஷத்தைக் காட்டும். அவர்கள் சொன்ன வருஷமும் அதுவும் ஒத்துப்போயின. முன்னாலிருந்து பின்வரை இரண்டு குழாய்களும் கணீரென்றன. சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழ்கூட இல்லை. கீழே இரண்டு நசுங்கல். தையலில் படாத நசுங்கல்கள். அவற்றைக் காட்டி முந்நூறு டாலர் குறைத்தேன். பேரம் பேசாமல் நான் இதுவரை எதுவும் வாங்கியதில்லை. ஆறாயிரத்து இருநூறுக்குப் படிந்தது.

ஒரே குறை, வாசல் 24 அங்குலம். நாற்காலிக்கு ஓர் அங்குலம் போதவில்லை.

படகு வீட்டு வாசலுக்கு வந்த அன்று சம்பந்தியம்மாளை வெளியே அழைத்து வந்தோம். வண்டிமேல் நின்ற படகின் அருகில் நாற்காலியை நிறுத்தியதும், யாரும் சொல்லாமலே, நல்ல கையான இடது கையை நீட்டி விரலை மடக்கிக் குழாயை ஒரு தட்டுத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல சாமான்" என்றார். இரண்டே வார்த்தை. என் பெண் அதற்குப் பிறகு சந்தன நிறச் சோபாவைப் பற்றிப் பேசவில்லை.

வேலியை வெட்டி வாசலை எட்டு அங்குலம் அகலப்படுத்த ரிப்பேர்க்காரப் பெரியவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். செலவு நானூறு டாலர். எட்டாயிரத்தில் இன்னும் மிச்சம் இருந்தது; அதில் நல்ல மிதவைச் சட்டைகள் ஆளுக்கொன்று வாங்கினோம். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஏரியின் படித்துறைக்குப் போனோம். மாப்பிள்ளை சக்கரங்களின் தடையைத் தளர்த்தினார். நாற்காலி இரண்டு பக்கமும் இடிக்காமல் உள்ளே போயிற்று.